முகப்புப் படத்தில் இருந்த இடி

காலை 6.10. குத்துச்சண்டை கிளப்பின் பயிற்சிக் கூடத்தில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். மண்டையின் இடப்பக்கம் உள்வாங்கியிருந்தது. முகத்தில் பாதி முகமாகவே இல்லை. பக்கத்தில் ரத்தமும் முடியும் ஒட்டிய டம்பெல்.

செத்தவர் பயிற்சியாளரின் மருமகன். கிளப்பின் வெப்சைட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பழைய வெப்சைட்டைப் பார்த்தால் சேர வந்தவனும் தலைதெறிக்க ஓடிவிடுவான் என்று மாமனாரிடமே சொன்ன துணிச்சல்காரர்.

உடலருகே மண்டியிட்டிருந்தவன் கிளப்பின் பெரிய வீரன். எல்லோருக்கும் அவன் 'இடி'. அவனுடைய இடக்கைக் கிளவுஸ் ரத்தத்தில் ஊறித் தரையில் கிடந்தது. வலக்கைக் கிளவுஸ் சுத்தமாக ஆணியில் தொங்கியது. பூட்டு உடைபடவில்லை. சாவி வைத்திருந்தவர்கள் பயிற்சியாளர், செயலாளர், இடி ஆகிய மூவர்தான்.

போட்டோ எடுக்க வரச் சொன்னார், வந்தேன், இப்படிக் கிடந்தார் என்றான் இடி. யாரும் நம்பவில்லை. முந்தைய நாள் மாலை 'அந்தப் படத்தைத் தூக்கு' என்று அவன் மருமகனிடம் கத்தியதை எதிர்க்கடைக்காரர் கேட்டிருந்தார்.

பெண் இன்ஸ்பெக்டர் செல்போனில் வெப்சைட்டைத் திறந்தார். முகப்பில் பெரிய படம். இடது புருவத்தின் மேல் தழும்போடு இடி முறைத்துக்கொண்டிருந்தான். வலது முஷ்டி முன்னே, இடது முஷ்டி தாடையோரம் பாயத் தயாராக. கீழே, 'புதியவர்களே, வாருங்கள்.' இதைப் பார்த்து எந்தப் புதியவன் வருவான் என்று அவருக்கு அந்த நேரத்திலும் தோன்றியது.

காலை 9.30. பயிற்சியாளர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள் அழுகைக்கு நடுவே சொன்னது இவ்வளவுதான்: படத்தைத் திரும்ப எடுக்கத்தான் கணவர் விடியும்போதே போனார்; அவருக்கு அங்கே வேறு வேலையே இல்லை.

செயலாளர் மட்டும் தாராளமாகப் பேசினார்.

"தினமும் சாயங்காலம் ரிங் பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கிறவன் மேடம் நான். பயலுக்கு இடக்கைதான் பலம். அதுல ஒண்ணு விட்டான்னா எதிராளி எழுந்திருக்க மாட்டான். முதல்ல குத்திச் சாய்ச்சிருக்கான், அப்புறம் டம்பெல்."

காலை 11. இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குத் திரும்புவதற்குள் ஏட்டு தன் கைவரிசையைக் காட்டியிருந்தார். கொன்ற கை இதுதானே என்று இடியின் இடது விரல்களை மேஜையில் வைத்து லத்தியால் நொறுக்கியிருந்தார். இன்ஸ்பெக்டர் லத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏட்டை வெளியே அனுப்பினார்.

இடி வலது புருவத் தழும்பிலிருந்து வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வலக்கையாலேயே வாக்குமூலத்தில் மளமளவென்று கையெழுத்துப் போட்டான். இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். அந்தப் படத்தில் உனக்கு என்ன கோபம் என்று கேட்டார். அவன் சொன்ன பதிலைக் கேட்டதும், முதலில் டாக்டரை வரவழைத்தார்.

மாலை 4. எல்லோரும் பயிற்சிக் கூடத்தில் இருந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு இடியும்.

"இவன் வலக்கைக்காரன்," என்றார் இன்ஸ்பெக்டர். "முகம் எழுத்துப் பக்கம் திரும்பியிருந்தா நல்லா இருக்கும்னு பயிற்சியாளரோட மருமகன் படத்தை இடவலமா புரட்டிப் போட்டார். தழும்பு பக்கம் மாறிடுச்சு, தாடையோரம் வெச்சிருக்கிற பலமான கையும் மாறிடுச்சு. என்னை இடக்கையன் ஆக்கிட்டியேன்னுதான் இவன் சண்டை போட்டிருக்கான். கிளவுஸை ரத்தத்துல தோய்ச்சவர் அந்தப் படத்தை நம்பித் தோய்ச்சிருக்கார். இவன் ஒரு தடவை குத்துறதைப் பார்த்திருந்தாலும் வலக்கை கிளவுஸைத்தான் எடுத்திருப்பார். வளர்த்துவிட்ட பயிற்சியாளருக்கு இது தெரியாதா? செயலாளர் சார், நீங்க கடைசியா எப்போ ரிங் பக்கம் வந்தீங்க?"

செயலாளரின் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். அடித்தையலில் ரத்தம் காய்ந்திருந்தது.

பிறகு எல்லாம் வந்தது. புதியவர்கள் ஏன் நிலைப்பதில்லை என்று தெரிந்துகொள்ள, விலகியவர்களிடமெல்லாம் மருமகன் பேசியிருக்கிறார். எதிர்த்துப் பேசிய ஒரு பெண்ணை ஆபீஸ் அறையில் வைத்துச் செயலாளர் அறைந்ததில் அவள் காது ஜவ்வு கிழிந்த கதை வெளியே வந்திருக்கிறது. போலீஸுக்குப் போவேன், காலையில் கிளப்பில்தான் இருப்பேன், நேரில் பேசுங்கள் என்று மருமகன் போனில் சொன்னார். செயலாளர் வந்தார், பேசவில்லை.

பயிற்சியாளர் பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்தார். பற்களில் ரத்தம் வரும் வரை தலையைக் கம்பத்தில் மோதினார். பிரித்தெடுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

ஜீப் போன பிறகும் இடி நகரவில்லை. பயிற்சியாளரின் மகள் முன்னால் போய் நின்றான்.

"நான் அந்தப் படத்துக்காகச் சண்டை போடலைன்னா அவர் இங்க வந்திருக்கவே மாட்டாரும்மா."

காலையில் அவனைக் கொலைகாரா என்று காறித் துப்பியவள் அவள். அவன் கைக்கட்டையே சற்று நேரம் பார்த்தாள்.

"அவர் படத்துக்காக வரலைண்ணே. செயலாளரைப் பார்த்துப் பேசணும்னுதான் வந்தாரு. என்கிட்ட சொல்லிட்டுதான் கிளம்பினாரு."

இடி அப்போதுதான் அழுதான். படத்துக்காகத்தான் போனார் என்ற அவளுடைய காலை வாக்குமூலம் இன்ஸ்பெக்டரின் கையிலேயே இருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் வெளியே நடந்தார்.