ஒரு கிண்ணம்தானே

காலை ஐந்தரைக்குப் பிலோமினா வலது கை வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தோள்வரை நீளும் உறையை மாட்டினாள். கலனின் சுவரில் பதித்த வட்டச் சாளரத்தின் மூடியைத் திருகித் திறந்து கையை உள்ளே விட்டாள். பதினோரு வருடமாக அவளுடைய நாள் இப்படித்தான் தொடங்குகிறது.

உள்ளே எப்போதும் முப்பத்தொன்பது பாகை. மேலே ஊறிய வைக்கோல், கீழே வெதுவெதுப்பான கூழ். நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாம் சேர்ந்து புரளும். கையை மெல்லத் தள்ளும், பிறகு தன் பக்கம் இழுக்கும். அதற்கு மோட்டார் கிடையாது. உள்ளே வாழும் நுண்ணுயிர்கள் விடும் வாயுவில் ரப்பர்ச் சுவர்கள் தாமாகவே விரிந்து சுருங்கும். மிஞ்சும் வாயு குழாய்வழியே வீடுகளுக்குப் போய் அடுப்பில் எரியும்.

அரசு ஆவணங்களில் அதன் பெயர் பொது நொதிகலன். வெண்ணாற்றங்கரையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டு மாடி உயரத்தில், சாம்பல் நிறத்தில், மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும் அதைப் பெருவயிறு என்றார்கள்.

டெல்டாவில் நெல் இப்போதும் முளைக்கும், வளரும், பச்சையாக ஆடும். பூக்கும் சமயத்தில் வெயில் மகரந்தத்தைக் கொன்றுவிடும். கதிரெல்லாம் பதர். வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, அரிசிதான் இல்லை. வைக்கோலை உணவாக்கத் தெரிந்த மாடுகளும் அதே வெயிலில் போய்விட்டன. கடைசியாக மிஞ்சியவற்றின் இரைப்பையிலிருந்து சாறு எடுத்து ஊருக்கொரு வயிறு கட்டினார்கள். வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து, வயிற்றுக்குள் இறங்கும் சரிவில் தள்ள வேண்டும். மறுபக்கம் போய் மாவு வாங்கிக்கொள்ள வேண்டும். அசைபோடும் விலங்கை வளர்ப்பது குற்றம். ஒரு மாடு தின்னும் வைக்கோல் ஆறு பேரின் சாப்பாடு.

வெறும் வைக்கோலில் சத்தில்லை. அதனுடன் எதை, எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் பிலோமினாவின் ஆராய்ச்சி. தாது உப்பு, கொஞ்சம் கந்தகம், அளந்து யூரியா, அதைவிடக் கவனமாக அளந்து வெல்லப்பாகு. ஒன்று கூடினாலும் பெருவயிறு முகம் சுளிக்கும். அவளுக்கு அந்த முகம் தெரியும்.

இன்று கை உள்ளே போய் ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு. மூன்று. எதுவும் கையைத் தள்ளவில்லை.

புளித்த மாவின் வாடை வந்தது. அமிலமானியைப் பார்த்தாள். முந்தாநாள் ஆறரை. இன்று நாலே முக்கால்; எண் இறங்க இறங்க அமிலம் ஏறும். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தாள். வைக்கோல் துணுக்குகளுக்கு நடுவே வெள்ளையாகச் சில. அவை என்னவென்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

சோறு.

புதுரக நெல் இந்த வருடம்தான் வெயிலைத் தாங்கிக் கதிர் பிடித்தது. இருபத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு முதல் அரிசி. பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு படி கொடுத்தார்கள். நேற்று மாட்டுப் பொங்கல்.

குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"டாக்டரம்மா, கேஸ் சுத்தமா இறங்கிப்போச்சு. அடுப்பு எரியலன்னு அஞ்சலை வாசல்ல நின்னு என்னைப் புடிச்சுத் திட்டுது. என்னமோ நான்தான் குழாய்ல வாய வச்சு ஊதிக்கிட்டிருந்தாப்ல."

அவள் உள்ளங்கையை நீட்டினாள். அவர் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"யார் போட்டது அண்ணே?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நேத்து சரிவுல நீங்கதானே நின்னீங்க?"

"நின்னேன். கட்டைத் தள்ளுறப்போ ஒவ்வொருத்தர் முந்தானையிலயும் ஒரு கிண்ணம் இருந்துச்சு. ஒரு கிண்ணம்தானேன்னாங்க. நானும் ஒரு கிண்ணம்தானேன்னு விட்டேன்."

"நாலாயிரம் வீடு."

"ஒவ்வொன்னா பாக்குறப்ப ஒன்னாத்தான் இருந்துச்சு."

வைக்கோலைத் தவிர எதையும் அறியாத வயிறு அது. சோறு ஒரே இரவில் புளித்து அமிலமாகும். அமிலம் வைக்கோலைச் செரிக்கும் உயிர்களைக் கொல்லும். சோடா உப்பைக் கொட்டி அமிலத்தை அடக்கலாம். செத்தவற்றை எழுப்ப முடியாது. உயிருள்ள நுண்ணுயிர்க் கூழ், அதாவது புதிய விதை, வேண்டும். திருச்சி வயிற்றிலிருந்து விதை வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். கிடங்கில் மூன்று நாளைக்குத்தான் மாவு இருந்தது.

அஞ்சலை வைக்கோல் கட்டை இறக்காமலே வாசலுக்கு வந்தாள். சந்தைத் தெருக்காரி. வரிசையில் தினமும் முதல் ஆள்.

"என்னாச்சு டாக்டரம்மா?"

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?" பிலோமினாவின் குரல் உயர்ந்தது. "வைக்கோலைத் தவிர எதுவும் போடக்கூடாதுன்னு தெரியாதா?"

"மாட்டுக்கு வைக்காம மாட்டுப் பொங்கல் எப்படிச் சாப்பிடறது?"

"இது மாடு இல்லக்கா."

"பதினோரு வருஷமா புள்ளைகளுக்குச் சோறு போடுது. பின்ன இது என்னவாம்?"

"நீங்க போட்டது அதைக் கொன்னுடுச்சு."

அஞ்சலை கட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். அப்புறம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நேத்து நான் வர்றப்போ அந்தச் சாளரத்து விளிம்புல வெல்லம் ஒட்டியிருந்துச்சு. யாராச்சும் பாத்தா உங்களைத் தப்பா பேசுவாங்கன்னு நான்தான் தொடைச்சேன்."

மாசிலாமணி பிலோமினாவைப் பார்த்தார்.

நேற்று ஐந்தரைக்கு, யாரும் வருமுன், அவள் தன் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் டப்பாவைத் திறந்தாள். கணக்குப் போட்டாள். இவ்வளவு பெரிய உடலுக்கு ஒரு கரண்டி ஒன்றுமில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"ஒரு கரண்டிதான்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். "விதைன்னா மாட்டுக்குள்ளேர்ந்துதான் எடுக்கணுமா? ஆடு ஆவாதா?"

"ஆகும். ஆடு எங்கே இருக்கு?"

"எங்க வீட்ல."

அஞ்சலை இடுப்பில் கைவைத்தாள். "அடப்பாவி. அப்ப நீ நாள் முழுக்க இருமறது? ஆஸ்துமான்னு ஊரே உனக்காகப் பரிதாபப்பட்டுச்சே!"

"அது கத்துறப்பல்லாம் நான் இருமணும். ஆறு வருஷம். நெஞ்செல்லாம் நோவுது." அவர் பிலோமினாவிடம் திரும்பினார். "குத்தம்னு எழுதிக்கணும்னா எழுதிக்குங்கம்மா."

"முதல்ல கூட்டிட்டு வாங்க."

செவலை நிற ஆடு சந்தைத் தெருவழியே வந்தது. வரிசை விலகி வழிவிட்டது. இருபது வயதுக்குக் கீழே யாரும் ஆட்டைப் பார்த்ததில்லை. ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். ஆடு யாரையும் சட்டை செய்யவில்லை. அஞ்சலையின் கட்டிலிருந்து ஒரு வாய் இழுத்துத் தின்றது, இன்னும் கொஞ்சம் தின்றது. பிறகு கால்களை மடக்கிப் படுத்துக்கொண்டது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து அதன் கழுத்தில் ஏதோ அசைந்தது. அடியிலிருந்து ஓர் உருண்டை மேலேறிவருவது தோலுக்கு வெளியே தெரிந்தது. கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். "மன்னிச்சுக்கடி" என்று மாசிலாமணி அதன் வாயோரம், பல் இல்லாத இடைவெளியில், இரண்டு விரலை நுழைத்தார். வெளியே வந்த விரல்களில் எலுமிச்சை அளவில் பச்சைக் கவளம். அதைப் பிலோமினாவின் உள்ளங்கையில் வைத்தார்.

சூடாக இருந்தது. இருபது கிராம்கூட இராது. உலகில் இதுவரை பிறந்த மனிதர்கள் அத்தனை பேரையும்விட அதிக உயிர்கள் அதில் இருந்தன. அவற்றில் சில, காற்றில் உயிர்வளி சேருமுன்பே இந்தப் பூமியில் இருந்த குலத்தைச் சேர்ந்தவை. காற்று மாறியபோது சேற்றுக்குள் ஒளிந்தன, பிறகு விலங்குகளின் வயிற்றுக்குள் ஒளிந்தன. ஆறு வருடமாக ஓர் ஆளின் இருமலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. எண்களாக இவையெல்லாம் அவளுக்குத் தெரியும். கையில் ஏந்தியது இதுதான் முதல் தடவை. காற்று அதிகம் படுமுன் கவளத்தை வெதுவெதுப்பான நீர்க் குடத்துக்குள் இறக்கி மூடினாள்.

அன்று முழுக்க ஆட்டிடமிருந்து பதினேழு கவளங்கள் எடுத்தார்கள். மறுநாள் குடம் பீப்பாயாயிற்று. அதற்கு மறுநாள் பீப்பாய் தொட்டியாயிற்று. ஊரே வாளியோடு வந்து பெருவயிற்றின் புளிப்பை இறைத்துக் கொட்டி, சோடாத் தண்ணீரால் கழுவியது. பிறகு தொட்டியை அதற்குள் ஊற்றினார்கள். உள்ளதிலேயே நல்ல வைக்கோலை வீட்டுக்கு வீடு விரலளவு நறுக்கிக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் மாவு தீர்ந்தது. நான்காம் நாள் ஊர் தண்ணீர் மட்டும் குடித்தது. யாரும் திட்டவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் சாம்பல் சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் காலை ஐந்தரைக்குப் பிலோமினா வளையலைக் கழற்றி வைத்தாள். கையை உள்ளே விட்டாள். அஞ்சலையும் மாசிலாமணியும் பின்னால் நின்றார்கள். முப்பத்தொன்பது பாகை. ஒரு நிமிடம். இரண்டு.

முதலில் ஒன்றுமில்லை என்றே நினைத்தாள். அப்புறம் வைக்கோல் மெத்தை மெல்ல எழுந்து அவள் கையைத் தள்ளியது. நின்றது. பிறகு தன் பக்கம் இழுத்தது.

திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் அசைத்தாள். அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பதிவேட்டில் ஆட்டை எந்தப் பத்தியில் எழுதுவது என்று பிலோமினா யோசித்தாள். கடைசியில் ஆய்வகக் கருவிகள் என்ற பத்தியில் எழுதினாள். அடுத்துச் சரிவுக்கு மேலே மாட்ட ஓர் அறிவிப்பு எழுத உட்கார்ந்தாள்.

"அடுத்த வருஷம் அரிசி இன்னும் வருமாமே" என்றாள் அஞ்சலை. "அப்ப நாங்க என்ன செய்யறது?"

"பொங்கலைக் கொண்டு வாங்க. இது முன்னால உக்காந்து நீங்க சாப்பிடுங்க. உள்ள போடாதீங்க."

"பாக்க வச்சுத் திங்கறதா?"

பிலோமினா பேனாவைக் கீழே வைத்தாள். நாலாயிரம் வீடு. இம்முறை வேறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட்டாள். பிறகு எழுதினாள்.

'வீட்டுக்கு ஒரு பருக்கை.'

அடுத்த மாட்டுப் பொங்கலன்று விடிந்தபோது வரிசை ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது. ஒவ்வொருவர் தலையிலும் வைக்கோல் கட்டு. ஒவ்வொருவர் விரல் நுனியிலும் ஒரு சோற்றுப் பருக்கை. காற்றில் விழுந்துவிடாமல் மறு கையால் மறைத்துக்கொண்டு, மெல்ல அடியெடுத்து வந்தார்கள். சரிவருகே மாசிலாமணி ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றார். இருமல் நின்றிருந்தது.

கடைசி ஆளாகப் பிலோமினா தன் பருக்கையை அதில் போட்டாள். எட்டிப் பார்த்தாள்.

நாலாயிரம் வீடும் சேர்ந்து ஒரு கிண்ணம்.