தேர் திரும்பும் நேரம்

வளையநகரில் வீடு கட்டக் கால்கோள் இட்டவர்கள் அன்று மாலையே கப்பலேறிவிடுவது வழக்கம். புதுமனை புகுவிழாவன்று வந்து இறங்குவார்கள். மாங்கன்று நட்டவர்கள் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பி, முதல் காய்ப்புக்குத் திரும்புவார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் தீர்ப்புக்குத் திரும்புவார்கள். மருமகனோடு பேச்சை முறித்துக்கொண்ட மாமனார்கள், கோபம் ஆறியிருக்கும் என்று கணக்கிட்டுத் திரும்புவார்கள். காத்திருத்தலை அந்நகரத்தார் ஒரு நோயாகவே கருதினார்கள். அதற்கு மருந்தும் வைத்திருந்தார்கள்.

அரசாங்க ஏடுகளில் அம்மருந்தின் பெயர் காலவொடுக்கக் கலம். மக்கள் அதைப் பொறுமைக் கப்பல் என்றே அழைத்தார்கள். பொறுமை இல்லாதவர்கள் மட்டுமே ஏறும் கப்பலுக்கு அப்பெயர் எவ்வாறு வாய்த்தது என்று எவரும் கேட்டதில்லை. அதன் இயக்கத்தைச் சற்று விளக்க வேண்டியுள்ளது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் கலத்துக்குள் காலம் மிக மெதுவாக நகரும். வியாழனைச் சுற்றிவரும் வளையநகரின் துறையிலிருந்து புறப்பட்டு, வெட்டவெளியில் ஒரு பெருவட்டம் அடித்து அது திரும்பும்போது, உள்ளே இருப்பவர்களுக்கு நாற்பது நாள் கழிந்திருக்கும். நகரத்திலோ ஏழு ஆண்டுகள் ஓடியிருக்கும். போகிறவர்களுக்குப் பயணர் என்று பெயர். தங்கியிருந்து வீட்டைக் கட்டி, மாங்கன்றுக்கு நீர் வார்த்து, தீர்ப்பை எழுதுகிறவர்களுக்கு நிற்போர் என்று பெயர்.

தாட்சாயணி நிற்போரில் ஒருத்தி. பலராட்டங்களை, அதாவது ஆயிரக்கணக்கானோர் வலைவழியே ஒன்றுகூடி ஆடும் ஆட்டங்களை, உருவாக்குவது அவள் தொழில். தொழிலதிபர் அம்பலவாணர் அவளை அழைத்து ஒரு தேரோட்டம் வேண்டும் என்று கேட்டிருந்தார். கையில் தொடுவுறை அணிந்தால் வடத்தின் சொரசொரப்பு உள்ளங்கையில் தெரிய வேண்டும். நகரமே சேர்ந்து இழுக்க வேண்டும். அவள் செலவையும் காலத்தையும் கணக்கிட்டுக்கொண்டு அவர் முன் போய் அமர்ந்தாள்.

"ஏழு வருஷமா?" என்றார் அம்பலவாணர்.

"ஐயா, ஒருத்தர் ஆடுற ஆட்டம்னா நாளைக்கே தந்துடலாம். வீதி, கோபுரம், வானம் எல்லாம் இயந்திரம் ஒரு மத்தியானத்துல வரைஞ்சிடும். நீங்க கேக்குறது பத்தாயிரம் பேர் ஒரே நேரத்துல ஒரே வடத்தைப் பிடிக்கிற ஆட்டம்."

"அதுக்கும் இயந்திரத்துலயே ஆள் செஞ்சு விட்டு ஆடிப் பாக்கலாமே."

"பாக்கலாங்க. இழுன்னா இழுக்கும், நில்லுன்னா நிக்கும். நிஜ மனுஷங்க அப்படியா? பாதியில பேச நின்னுடுவாங்க. பக்கத்துல நிக்கிறவரைப் பிடிக்காம வடத்தை விட்டுடுவாங்க. ஒருத்தரோட இழுப்பு இமைக்கிற நேரம் தாமதமா வந்தாலும் தேர் சாஞ்சிடும். நிஜ ஆளுங்களை வெச்சு ஆடி, உடைச்சு, திரும்பக் கட்டணும். அறுபது பேர் சம்பளம், கணிப்பொறிக் கூடத்தைக் குளிர வைக்கிற செலவு, எல்லாம் இதுலயே இருக்கு."

"என் மச்சான் மகன் ஒரு வாரத்துல செஞ்சு தர்றேன்கிறான்."

"அவர்கிட்டயே கொடுக்கலாங்களே."

"கொடுத்தேன். பாதிக் கோபுரம் தலைகீழா நிக்குது."

அவர் மேலும் பேரம் பேசினார். ஆறு என்றார், ஐந்தரை என்றார், ஆட்களைக் கூட்டினால் முடியாதா என்றார். ஆள் கூடக் கூட அவர்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதும் கூடும் என்று தாட்சாயணி விளக்கினாள். செலவைக் கண்டு அவர் கண் இமைக்கவில்லை. "பணத்துக்கு நான் இருக்கேன்மா. வருஷத்துக்கு யாரு இருக்கா?" என்றார் கடைசியாக.

"நீங்க கப்பல்ல போயிடுவீங்க. வருஷத்துக்கு நாங்க இருக்கோம்" என்றாள் அவள், மிகுந்த பணிவுடன்.

அம்பலவாணர் வியாபாரி. அவர் அந்த வாரமே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கப்பலில் ஏறினால், இறங்கும் அன்றே முதல் வடம் பிடிக்கும் உரிமை. நகரத்தில் பன்னிரண்டாயிரம் பேர் பதிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவன் தாட்சாயணியின் கணவன் முகுந்தன்.

முகுந்தன் பள்ளியில் வடிவக்கணிதம் கற்பிப்பவன்; நல்லவன். ஆனால் உட்கார்ந்தால் அவனுடைய வலது முழங்கால் தையல் இயந்திரம்போல ஆடும். மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறுவான். பாதியில் அலுத்துப்போய் அந்தத் தளத்தில் மின்தூக்கிக்கு நிற்பான்.

"நாப்பதே நாள் தாட்சா" என்றான் அவன், அன்று சாப்பிடும்போது.

"உங்களுக்கு."

"நீ எப்படியும் கூடத்துலயே கிடப்பே. நான் இங்க உக்காந்து சுவத்தைப் பாக்கணுமா?"

"சுவத்தை ஏன் பாக்குறீங்க? சாயங்காலம் வந்து வடம் பிடிங்க. ஆடிப் பாக்க எனக்கு ஆள் வேணும்."

"முடியாத தேரை எவன் இழுப்பான்? முழுசா முடிச்சு வை. வந்ததும் முதல் இழுப்பு என்னுது."

தாட்சாயணி அவன் தட்டில் ரசத்தை ஊற்றினாள். "நீங்க என்னைவிட மூணு வயசு பெரியவர். திரும்பி வர்றப்போ நான் உங்களைவிட நாலு வயசு பெரியவளா இருப்பேன். யோசிச்சீங்களா?"

"அதுக்கென்ன, அப்ப நான் உன்னை வாங்க, போங்கன்னு கூப்பிடுறேன்" என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. திரும்பி வருகிறவனுக்குத் தன்னைப் பிடிக்குமா என்று கேட்க விரும்பினாள். கேட்கக் கூச்சமாக இருந்தது. அவனுக்கு மோர் வேண்டுமா என்று கேட்டாள்.

வழியனுப்பத் துறைக்குப் போனாள். வரிசை வளைந்து வளைந்து நீண்டிருந்தது. பாதி இடங்களில் ஆள் இல்லை. பை மட்டும் நின்றது. ஆள் எங்காவது காப்பி குடித்துக்கொண்டிருப்பார். பின்னால் நிற்பவர் அந்தப் பையைக் காலால் மெல்லத் தள்ளிக்கொண்டே முன்னேறுவார். அது வளையநகரத்து மரியாதை. முகுந்தனும் பையை வரிசையில் விட்டுவிட்டு வந்துதான் அவளிடம் விடைபெற்றான். பேச்சின் நடுவே இருமுறை பையைத் திரும்பிப் பார்த்தான்.

கப்பல் போன பிறகுதான் தாட்சாயணிக்குத் தன் கணக்கில் இருந்த பிழை புரிந்தது. ஆட்டத்தை மிக விரும்பியவர்கள் ஆடிப் பார்க்க வருவார்கள் என்று எண்ணியிருந்தாள். அவர்கள் அத்தனை பேரும் கப்பலில் இருந்தார்கள்.

"பசிச்சவன்லாம் பந்தி போடுறதுக்கு முன்னாடியே ஊரை விட்டுப் போயிட்டான்" என்றாள் அவளுடன் நிரல் எழுதும் ரோஸ்லின். அவளுக்கு வாய் சற்று நீளம். "இப்ப உப்புப் பாக்க ஆள் இல்ல."

ஆகவே நிற்போரை அழைத்தார்கள். மருத்துவமனைத் தாதியர் வந்தார்கள். குழாய் பழுதுபார்ப்பவர்கள் வந்தார்கள். பயணரின் மாங்கன்றுகளுக்குக் காவல் இருப்பவர்கள் வந்தார்கள். வேலை முடிந்து, தொடுவுறையை மாட்டிக்கொண்டு, கொட்டாவியுடன் வடம் பிடித்தார்கள். முதல் முறை தேர் நேராக ஒரு மிட்டாய்க் கடைக்குள் புகுந்தது. ஓராண்டுக்குப் பிறகு வீதியில் ஓடியது. ஆனால் வடம், இழுப்பவர்களின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்தது. நேர் வீதி சரியானபோது மூலைதான் சிக்கலாயிற்று. தேரைத் திருப்ப வேண்டுமானால் எல்லோரும் வடத்தைத் தளர்த்தி நிற்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். நகரத்தின் மறுகோடியில் இருப்பவரின் இழுப்பும் வந்து அடங்க வேண்டும். எப்படிக் குறைத்தாலும் அதற்கு நான்கு நிமிடம் ஆயிற்று.

தாட்சாயணி அதை ஒரு குறையாகவே நினைத்து இரண்டு ஆண்டுகள் உறக்கம் கெட்டாள். நாற்காலியில் அமர்ந்தால் இப்போது அவளுடைய முழங்கால் ஆடிற்று. அவன் விட்டுச் சென்றவற்றுள் அது ஒன்றுதான் அசைவோடு இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டாள். முன்தலை நரைத்தது. ஒவ்வொரு நரையையும் பார்க்கும்போது, கப்பலில் இப்போது எந்த வேளை உணவு பரிமாறிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொள்வாள்.

"கவனிச்சியா? தேர் நிக்கிறப்போதான் கூட்டம் அதிகமா சேருது" என்றாள் ரோஸ்லின் ஒருநாள்.

அது உண்மை. மூலையில் தேர் நிற்கும் நான்கு நிமிடத்தில் அவர்கள் பேசினார்கள். குழந்தையின் காய்ச்சலைப் பற்றியும், மேற்பார்வையாளரின் மூக்கைப் பற்றியும், எங்கோ ஒழுகும் குழாயைப் பற்றியும் பேசினார்கள். மூன்றாம் மூலையில் ஒரு குழாய்க்காரருக்கும் ஒரு தாதிக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. அந்த நான்கு நிமிடத்துக்காகவே சிலர் நாள்தோறும் வந்தார்கள். தாட்சாயணி அதற்குமேல் அதைக் குறைக்க முயலவில்லை.

சொன்ன நாளில் ஆட்டம் முடிந்தது. சொன்ன நாளில் கப்பலும் வந்தது.

முகுந்தன் அதே நீலச் சட்டையுடன் இறங்கினான். சற்றும் மாறவில்லை. கூட்டத்தில் அவளைத் தேடிய அவன் கண்கள் ஒருமுறை அவளைக் கடந்து போய், பிறகு திரும்பி வந்தன. அந்த ஒருமுறையை அவள் கண்டுகொண்டாள்.

"கண்ணாடி போட்டிருக்கே" என்றான்.

"ஆமா. உங்களுக்குப் பசிக்குதா?"

"கப்பல்ல போட்டாங்க. தேர் தயார்தானே?"

அன்று மாலை பன்னிரண்டாயிரம் பயணரும் வடம் பிடித்தார்கள். தேர் அசைந்தது. வீதி முழுவதும் எழுந்த ஆரவாரத்தில் ரோஸ்லின்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் மூலை வந்தது. வானத்தில் எழுத்துகள் தோன்றின: தேர் திரும்புகிறது, அனைவரும் வந்து சேரும்வரை அன்புகூர்ந்து பொறுத்திருக்கவும்.

அரை நிமிடம் கழிந்தது. பிறகு ஒரு குரல் கேட்டது. "தாண்டிப் போற பொத்தான் எங்க இருக்கு?"

ஒரு நிமிடத்தில் ஆயிரம் பேர் வடத்தை விட்டிருந்தார்கள். இரண்டாம் நிமிடத்தில் அம்பலவாணர் வேர்க்க வேர்க்கக் கூடத்துக்குள் வந்தார்.

"எல்லாம் பிரமாதம்மா. ஒரே ஒரு சின்ன மாத்தம். அந்த நிக்கிறதை மட்டும் எடுத்துடுங்க. எவ்வளவு காலம் ஆகும்?"

தாட்சாயணி நிமிர்ந்து பார்த்தாள். திரையில் குழாய்க்காரரும் தாதியும் வடத்தருகே நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழு வருஷம் ஆகுங்க" என்றாள்.

ரோஸ்லின் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பிறகு அவசரமாகத் தன் நிரலுக்குள் குனிந்துகொண்டாள்.

"ஏழுதானே? செய்யுங்க" என்றார் அம்பலவாணர். இம்முறை அவர் பேரம் பேசவில்லை. "கப்பல் எப்பக் கிளம்புது?"

கப்பலுக்கு எரிபொருள் நிரப்பி, பன்னிரண்டாயிரம் பேரின் உடல்நிலையையும் சோதித்து ஏற்ற மூன்று நாளாகும் என்றார்கள். அதற்கென்ன என்று எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பாய் விரித்தார்கள், பொட்டலம் பிரித்துப் பகிர்ந்துகொண்டார்கள். நான்கு நிமிடம் பொறுக்க முடியாமல் வந்தவர்கள் அங்கே இரவும் பகலும் நின்றார்கள், ஒருவரும் குறைசொல்லவில்லை. முகுந்தனும் பையோடு போய் நின்றான். "கோவமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். "இல்லை" என்றாள் தாட்சாயணி. இனி அவன் திரும்பும்போது தான் அவனைவிடப் பதினொரு வயது மூத்தவள் என்பதை அவள் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார், அவனுக்கே தெரியும்.

மூன்றாம் நாள் மாலை அவள் வழக்கம்போல் கூடத்தில் இருந்தபடி நிற்போருடன் வடம் பிடித்திருந்தாள். பக்கத்தில் யாரோ ஒரு தொடுவுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"பத்து நிமிஷம்தான்" என்றான் முகுந்தன். "பையை வரிசையில வெச்சிருக்கேன். அங்க நின்னு நின்னு கால் கடுக்குது."

தேர் அசைந்து, வீதியில் ஓடி, மூலையில் நின்றது. அவன் முழங்கால் ஆடத் தொடங்கியது. முன்னால் நின்ற தாதி திரும்பினாள்.

"சார் யாரு? புதுசா இருக்காரே."

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் தாட்சாயணி. "வெளியூர் போயிருந்தார்."

"ஓ, நீங்கதானா அது? உங்களுக்குப் பச்சை மிளகா சேராதாமே. எல்லாக் கதையும் இந்த மூலையில கேட்டிருக்கோம்."

முகுந்தன் மனைவியைப் பார்த்தான். "என்னைப் பத்தியா பேசினே? ஏழு வருஷமும்?"

"நாலு நாலு நிமிஷமா."

அவன் வடத்தின் சொரசொரப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். சற்றுப் பொறுத்துக் குரலைத் தாழ்த்தினான். "இதை எடுக்க நிஜமாவே ஏழு வருஷமா?"

"ஒரு மத்தியானம் போதும். திரும்புற மாதிரி ஒரு படத்தை இயந்திரம் வரைஞ்சிடும். உண்மையான ஏழு வருஷத்துக்கு அவர் அத்தனை பேரம் பேசினார். பொய்யான ஏழு வருஷத்துக்கு உடனே ஒத்துக்கிட்டார். நான் என்ன செய்யட்டும்?"

அவன் சிரிக்கத் தொடங்கினான். குழாய்க்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். சக்கரம் திரும்பியது. அடுத்த வீதி, அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை. நான்காம் மூலையில் தேர் நின்றபோது, முழங்கால் ஆடவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். அப்போதுதான் கூடத்தின் தரை மெல்ல அதிர்ந்தது. கப்பல் துறையை விட்டுப் பிரியும்போது நகரம் முழுவதும் உணரும் அதிர்வு அது.

"என் பை" என்றான் முகுந்தன்.

"ஏழு வருஷத்துல வந்துடும். காத்திருக்கலாம்."

அவன் வாயில்பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு தொடுவுறையை இறுக்கிக்கொண்டு, "நாளைக்கு எத்தனை மணிக்குங்க வடம்?" என்றான்.

கப்பலில், வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற மனிதர் கடைசிவரை மரியாதை தவறவில்லை. பையைக் காலால் தள்ளிக்கொண்டே உள்ளே வந்து, சாளரத்தோர இருக்கையில் வைத்து, வாரையும் கட்டிவிட்டார். அங்கே உட்கார வந்தவர்களிடமெல்லாம் ஆள் வருகிறது, ஆள் வருகிறது என்று நாற்பது நாளும் சொல்லிக்கொண்டிருந்தார்.