வாலு கட்டிய மணல் மூட்டை

மாடி வீட்டு அக்காவுக்கு எங்கள் தெருவில் 'மேஸ்திரி' என்று பெயர். எல்லாரையும் வேலை வாங்குவாள். அவள் தம்பி 'வாலு'. காரணம் சொல்லத் தேவையில்லை.

பள்ளிக் கண்காட்சிக்காக மேஸ்திரி அட்டையில் ஒரு தெரு செய்தாள். வெள்ளம் வரப்போகும் தெரு. அங்கே ஒரு கடை. கடை வாசலில் மணல் மூட்டைகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு.

நான் ஒட்டுக்கேட்கவில்லை. அவர்கள் ஜன்னல் திறந்திருந்தது. என் காதும் திறந்திருந்தது.

களிமண்ணை உருட்டி, லேசாகத் தட்டி, மேலே துணியை வைத்து அழுத்தினாள். துணியை எடுத்தால் சாக்கு நெசவு அப்படியே பதிந்திருந்தது. ஊசியால் ஓரத்தில் தையல் போட்டாள். ஈரம் காயும் முன்பே அடுக்கியதால், கீழ் மூட்டைகள் நிஜ மூட்டை போலவே பாரம் தாங்காமல் பிதுங்கின.

"எப்படிடா இருக்கு?"

"பொய் மூட்டை. உள்ள மணலே இல்லையே!" என்றான் வாலு. "இரு, நான் நிஜமாவே செய்யறேன்."

அப்பாவின் பழைய கைக்குட்டையை வெட்டினான். பழையது என்பது அவன் கருத்து. மணலை நிரப்பி, நூலால் கட்டிக் கொண்டுவந்தான்.

"இதை வாசல்ல வெச்சா கடைக்காரர் வெளியவே வர முடியாதுடா!"

"நிஜ மணல்க்கா."

"இருக்கட்டும். பார்க்க வீங்கின கன்னம் மாதிரி இருக்கே!"

வாலு மூட்டையை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தான். அவன் ஓரிடத்தில் உட்கார்ந்தால் தெருவே நின்று பார்க்கும். மேஸ்திரியும் பார்த்தாள்.

"சரி, நாளைக்கு எடுத்துட்டு வா. அங்க இடம் பார்க்கலாம்."

மறுநாள் கண்காட்சியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால்தான் முதலில் போய்விட்டேன்.

மின்விசிறி சுழன்றதும் அட்டைக் கடை நடுங்கியது. டீச்சர் பக்கத்து மேஜைக்கு வந்தபோது கடை மல்லாந்தே விட்டது. மேஸ்திரி நிமிர்த்தினாள். மறுபடியும் மல்லாந்தது.

மேஸ்திரி சுற்றும்முற்றும் பார்த்தாள். "டேய், உன் மூட்டை எங்க?"

வாலு பையிலிருந்து எடுத்தான். அவள் அதைக் கடையின் உள்ளே, பின்சுவர் ஓரம் வைத்தாள். கடை அசையவில்லை.

டீச்சர் வாசல் மூட்டைகளைக் குனிந்து பார்த்தார். "அச்சு அசலா இருக்கே! உள்ள மணலா?"

"இதெல்லாம் களிமண் டீச்சர், சும்மா அழகுக்கு. மணல் மூட்டை பின்னாடி இருக்கு. என் தம்பி கட்டினது. கடையைத் தாங்கறது அதுதான்."

அன்று முழுக்க, முன்பக்கம் பார்க்க வந்தவர்களை எல்லாம் வாலு பின்பக்கம் இழுத்துப் போனான். என்னை மட்டும் மூன்று தடவை.