ஓரிடம் நகர்ந்து உட்காருங்கள்

பழைய காய்ச்சல் ஆஸ்பத்திரியை ஓட்டலாக மாற்றியவருக்கு வரவேற்பறையில் போட ஒரு பெஞ்சு வேண்டியிருந்தது. ஊரின் பழைய கதை அதில் தெரிய வேண்டுமாம். வரைவது என் தங்கை, அறுப்பது நான். அளவெடுக்க இருவருமே போனோம்.

டாக்டர் அறைக் கதவையொட்டி, நோயாளிகள் காத்திருந்த பெஞ்சு இன்னும் கிடந்தது. ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பலகையில் குழிவுகள் விழுந்திருந்தன.

"'அடுத்து யாருங்க?'ன்னு நர்ஸ் கூப்பிடுவாங்களாம். ஒருத்தர் உள்ள போனா மத்தவங்க ஓரிடம் நகரணும். போனவங்க யாரும் திரும்பலை," என்று சிரித்தார் ஓட்டல்காரர். "கதை இருந்தாத்தானே கூட்டம் வரும்!"

தங்கைக்கு அந்தக் குழிவுகள்தான் பிடித்துப்போயின. புதுப் பெஞ்சிலும் அப்படியே செதுக்கச் சொன்னாள்.

"செத்தவங்க உட்கார்ந்த தடம் நமக்கு எதுக்கும்மா?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்ணா. உளியை எடு."

எடுத்தேன். வரவேற்பறைச் சுவருக்கு நீளம் போதாமல் கடைசியில் ஓர் இடம் கூட்டினோம். அது மட்டும் தட்டைப் பலகை. பட்டறைக் கதவோரம் பெஞ்சைப் போட்டதும், வழக்கம்போல ஒரு காலை மடித்து அவள் அதில் உட்கார்ந்து பார்த்தாள்.

மறுநாள் அந்தத் தட்டைப் பலகையில் ஒரு குழிவு. மடித்த முழங்காலின் தடம்கூட இருந்தது. அவளுக்குக் காய்ச்சல்.

அதற்கடுத்த நாள் முதல் இடத்தில் நான் செதுக்கிய குழிவைக் காணோம். மற்றவை எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்திருந்தன, அவளுடையதும்.

பெஞ்சை அறுத்துப் போட்டுவிடலாம் என்று ரம்பத்தை வைத்தேன். உள்ளே படுத்திருந்தவள் அலறினாள். தொடையில் வரிசையாகப் பல் பதிந்த கீறல்.

ரம்பத்தைத் தூக்கி எறிந்தேன்.

அவள் குழிவு முதல் இடத்துக்கு வந்த அன்று சாயங்காலம் நானே போய் அதன்மேல் உட்கார்ந்தேன். எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

"அவளை விட்டுடுங்க. என்னைக் கூப்பிடுங்க."

மருந்து வாடை அடித்தது. குளிர்ந்த விரல் ஒன்று தோளைத் தட்டியது.

"வரிசையில வாங்க."

அந்தக் குரலில் கோபம் இல்லை. வேலை கிடக்கிறதே என்ற அவசரம்தான் இருந்தது.

உள்ளே தங்கை, "இதோ வரேங்க," என்றாள்.

ஓடினேன். உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து பார்த்தேன். பெஞ்சில் இப்போது ஒரே ஒரு குழிவுதான், முதல் இடத்தில். அகலமானது. என் அளவு.

பட்டறைக் கதவில் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டேன். பெஞ்சு எப்போது வரும் என்று ஓட்டல்காரர் போன் மேல் போன் போடுகிறார். காலையிலிருந்து எனக்கும் உடம்பு கொதிக்கிறது.

அடைத்த பட்டறைக்குள் யாரோ நடக்கிறார்கள்.

"அடுத்து யாருங்க?"