பேபி தாமரையின் தம்பி

“கோஸ்தான் போடுங்கண்ணே!”

“நீங்க போடுங்க மிஸ். இத்தனை பெரிய லோரிய எப்படி லா பின்னால எடுக்கிறது?”

ரிங்லெட் ஊரைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குள் ஏறும் ஒற்றைப் பாதை. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பள்ளம். நடுவில் யுவனேஸ்வரியின் குட்டிக் காரும் கொழுந்து மூட்டை ஏற்றிய லோரியும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. தூறிக்கொண்டிருந்த மழை, வேடிக்கை பார்க்க வந்ததுபோல் கொட்ட ஆரம்பித்தது.

தனக்குக் காரைப் பின்னால் எடுக்க வராது என்பதை அவள் சொல்வாளா என்ன? சொன்னால் மானம் போய்விடாதா? ஹாரனை மட்டும் அழுத்தினாள். லோரிக்காரனுக்கே புரிந்துவிட்டது போலும். குதித்து இறங்கி வந்து கதவைத் திறந்தான்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

நனைந்த முகம்... அந்தக் கண்கள்! அடேயப்பா, ஒரு ஆம்பிளைக்கு எதுக்கு இத்தனை நீள இமை? இந்தக் கண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே...

“யாரப் பாக்க வந்தீங்க?” காரை வளைத்தபடி கேட்டான்.

“பேபி தாமரையை.”

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். ரெட்டைச் சடை போட்ட அனாதைப் பிள்ளையாக டிவி நாடகத்தில் நடித்த தாமரை. அவள் அழுதால் நாடே அழுத தாமரை. ஒருநாள் திடீரென்று காணாமல் போய்விட்டாள். பழைய குழந்தை நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்து இணையத்தில் நிகழ்ச்சி போடுவதுதான் யுவனேஸ்வரியின் வேலை. போன இடத்திலெல்லாம் வெறுங்கை. தாமரை கிடைக்காவிட்டால் வேலைக்கே வராதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இந்தத் தோட்டத்தில்தான் நாடகத்தைப் படம்பிடித்தார்களாம்.

“அது... எங்க அக்கா,” என்றான் அவன். பெயர் ரூபனாம். “இப்ப ஆஸ்திரேலியால இருக்காங்க.”

“நம்பர் குடுங்க!”

“அவங்களுக்குப் போன் பிடிக்காது.”

“அவங்க வீட்டுக்காரர் நம்பர்?”

“அவருக்கும் பிடிக்காது.”

“சரி, உங்க அம்மாவையாவது பார்க்கிறேன்.”

“அம்மா ஊர்ல இல்லியே!”

அவன் வாயை மூடவில்லை, குடையோடு வந்து நின்றார் அவன் அம்மா மணியம்மா. “டேய் ரூபா! யாருடா இந்தப் பொண்ணு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே!”

ரூபனுக்கு முகம் செத்துவிட்டது. அம்மாவோ யுவனேஸ்வரியைக் கையோடு லயத்து வீட்டுக்குக் கூட்டிப்போய், தலை துவட்டத் துண்டும் சூடாகத் தேத்தண்ணியும் கொடுத்தார்.

“ஆன்ட்டி, உங்க பொண்ணு தாமரையைப் பத்தி...”

“பொண்ணா? பெத்தது இவன் ஒருத்தன். இவனோட மாரடிக்கவே எனக்கு நேரம் பத்தல!” அம்மா சிரித்தார். “சின்னதுல சீக்காளிப் பிள்ளம்மா இவன். முருகனுக்கு நேந்துக்கிட்டு முடி வெட்டாம விட்டுட்டேன். முடி கண்ணுல விழுதேன்னு ரெட்டச் சடை பின்னுவேன். படம்பிடிக்க வந்தவங்க பொம்பளப் பிள்ளைன்னு நெனச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நாடகம் ரெண்டு வருசம் ஓடுச்சு. அப்புறம் பத்துமலையில மொட்டை போட்டோம். அடுத்த நாடகத்துக்குக் கூப்பிட வந்தவர் மொட்டையப் பாத்தாரு... அதே காருல திரும்பிட்டாரு!”

யுவனேஸ்வரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தேவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் ரூபன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

ஐயோ... என்ன காரியம் செய்தோம்!

பின்னாலேயே ஓடினாள். அவன் திரும்பாமலே பேசினான். “சிரிங்க மிஸ். பள்ளிக்கூடம் முழுக்க ‘தங்கச்சி’ன்னே கூப்பிட்டுச்சு. பெரியவனானதும் கேஎல் பட்டணத்துல நடிக்கக் கேட்டுப் போனேன். தாடி வச்ச தாமரைய யாரு எடுப்பா? பக்கத்து டவுன் தானா ராத்தாவுல பொண்ணு பாக்கப் போனோம். அங்க ஒரு மாமா என்னைக் கண்டுபிடிச்சு, பழைய நாடகத்தப் போன்ல போட்டுட்டாரு. வீடே உருண்டு சிரிச்சுச்சு. பொண்ணும்தான். இப்ப நீங்க ஊருக்கே போடுங்க.”

தாமரை அழுதபோதெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து கூட அழுத பிள்ளை யுவனேஸ்வரி. அதே தாமரையின் கண்ணீருக்கு இப்போது தானே காரணமா?

போனை எடுத்தாள். “சார்... தாமரை கிடைக்கல. ஆமா சார், தெரியும். வேலை போகும்னு தெரியும்.” மேனேஜரின் கத்தல் ரூபனுக்கே கேட்டது. அவள் வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.

“நில்லுங்க லா! எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

“அந்தப் பொண்ணு வீட்டுல சிரிச்ச சிரிப்பே போதும். இன்னொண்ணு என்னால வரவேணாம்.”

மழை விட்டு, தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து பனி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ரூபன் போய்க் கார்க் கதவை மறித்து நின்றான். இதுவரை எல்லாரும் அவனைக் காட்டி எதையாவது சம்பாதித்துக்கொண்டுதான் போனார்கள். அவனுக்காகத் தன் பிழைப்பை விட்டுக்கொடுத்தவள் இவள் ஒருத்திதான்.

“கேமராவப் போடுங்க,” என்றான்.

“வேணாங்க...” ‘அண்ணே’ எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

“போடுங்க. ஒளிஞ்சு ஒளிஞ்சு எனக்கும் அலுத்துப் போச்சு.”

காரிலிருந்து கேமராவை எடுத்துத் தூக்கினாள். அவன் தலையைக் கோதிக்கொண்டு நேராக நின்றான்.

“வணக்கம். என் பேரு ரூபன். பேபி தாமரை நான்தான். ஆமா, ஆம்பிளப் பிள்ள. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க.” பார்வை கேமராவைத் தாண்டி அவள் முகத்துக்கு வந்தது. “என் கதையக் கேட்டு ஒரு பொண்ணு சிரிச்சா. அப்புறம் எனக்காக வேலையவே விட்டுட்டா. அவள எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கல்யாணம் கட்டுனா அவளத்தான் கட்டணும்னு தோணுது. அவளுக்குப் பிடிச்சிருக்கான்னு... தெரியல.”

யுவனேஸ்வரி கேமராவை இறக்கினாள். காதெல்லாம் சூடாகிவிட்டது.

“முன்னால பேசுனத நிகழ்ச்சியில போடுறேன். கடைசியாச் சொன்னத மட்டும் வெட்டிருவேன்.”

அவன் முகம் வாடியது. “பிடிக்கலியா?”

“பிடிச்சிருக்கு லா, மக்கு! அது ஊருக்கு இல்ல... எனக்கு!”