வியாழக்கிழமை முப்பத்தெட்டு கிலோமீட்டர்

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் மெக்கானிக் மேங்கின் ஷெட்டுக்குப் போய் அந்த வெள்ளைக் காரை எடுத்து வந்தேன். கொரியாவின் மலைநாட்டில் இருக்கும் எங்கள் ஜோங்சொன்னில் அந்த ஷெட்தான் கடைசிக் கட்டடம். அதைத் தாண்டினால் மலை. பதினோரு வருஷம் ஓடிய வண்டி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சீட்டில் ஒரு கீறல் இல்லை. உள்ளே மூட்டுவலிப் பிளாஸ்திரியின் கற்பூர வாசனை மட்டும் லேசாக இருந்தது.

சாவியைக் கொடுத்த மேங், டேஷ்போர்டைத் திறந்து நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இதையும் வெச்சுக்கோங்க மி-சுக் அக்கா. வண்டியோட ஜாதகம்."

"யாரு எழுதினது?"

"தோக்-சூ ஐயா. பழைய ஓனர். மார்ச்சுல போயிட்டாரு, தூக்கத்துலயே. மகன் கனடாவுல. வீட்டையும் வண்டியையும் போன்லயே பேசி வித்துட்டான். வண்டி இவ்வளவு நாளா பூட்டின வீட்டுக்குள்ளதான் நின்னுச்சு. பேட்டரி செத்திருக்கும்னு நெனச்சுப் போனேன். சாவி போட்டதும் பட்டுனு ஸ்டார்ட் ஆயிடுச்சு. மனுஷன் அப்படிப் பார்த்திருக்காரு!"

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். தேதி, மீட்டர் எண், செய்த வேலை. மூன்றே கட்டம். இன்ஜின் ஆயில், வைப்பர் ரப்பர், இடது முன் டயருக்குக் காற்று. பதினோரு வருஷமும் ஒரே பேனா, ஒரே குட்டிக் கையெழுத்து. கடைசி நான்கு வருஷங்களில் ஒவ்வொரு வியாழனுக்கும் எதிரே '38' என்று மட்டும் இருந்தது. கடைசி வரி மார்ச் பதின்மூன்று. மீட்டர் 1,21,480.

என் வண்டியின் மீட்டரோ 1,22,848 காட்டியது. மேங்கின் ஆட்கள் ஓட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றும் வேலை. நாளெல்லாம் காது நிறையச் சத்தம். வீட்டுக்கு வந்தால் சோற்றுக் குக்கர்தான் பேசும். கணவர் பிரிந்துபோய் ஒன்பது வருஷம், மகள் பூசான் நகரத்தில். இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்க யாருமில்லை. அந்த நோட்டு கேட்பது மாதிரி இருந்தது. தோக்-சூவின் கடைசி வரிக்குக் கீழே நானும் எழுத ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம், ஆறு கிலோமீட்டர். சந்தை, நான்கு. கண்ணாடிக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன்.

முதல் வியாழக்கிழமை மாலை எழுத உட்கார்ந்தபோது கணக்கு உதைத்தது. காலையில் பள்ளிக்கூடத்தில் நிறுத்திய வண்டியைச் சாயங்காலம் எடுத்து வந்தேன். ஆறு கூடியிருக்க வேண்டும். நாற்பத்து நான்கு கூடியிருந்தது.

காலையில் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன். அடுத்த வியாழனும் அப்படியே ஆனதும் மேங்கிடம் போனேன். மீட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மீட்டர் நல்லா இருக்கு அக்கா. யாரையாவது பார்க்க ரகசியமாப் போறீங்களா? சொன்னா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"போடா. நானே என்னைப் பார்க்கிறதில்ல."

அவன் சிரிப்பை நிறுத்தி, பெட்ரோல் முள்ளைப் பார்த்தான். "ஆனா பெட்ரோலும் குறைஞ்சிருக்கே" என்றான் மெதுவாக.

மூன்றாம் வியாழன் வண்டியை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனேன். சாவி என் பையில் இருந்தது. காலை முதல் பனி கொட்டியது. மாலை ஐந்து மணிக்குத் திரும்பியபோது வாசலில் கணுக்கால் அளவு பனி. வண்டியின் கூரைமேலும் அதே அளவு. சுற்றிலும் டயர்த் தடம் இல்லை. காலடி இல்லை. பூனை நடந்த அடையாளம்கூட இல்லை.

பானெட்டில் மட்டும் பனியே இல்லை.

கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

கதவைத் திறந்ததும் கற்பூர வாசனை முகத்தில் அறைந்தது. ஹீட்டர் முழு அளவில் திருகியிருந்தது. நான் அப்படி வைப்பதே இல்லை. மீட்டர் முப்பத்தெட்டு ஏறியிருந்தது.

அன்று சோறு இறங்கவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நான் வண்டி வாங்கிய அன்று இருந்த எண்ணிலிருந்து தோக்-சூவின் கடைசி எண்ணைக் கழித்தேன். ஆயிரத்து முந்நூற்று அறுபத்தெட்டு. காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். அவர் செத்த பிறகு, நான் வாங்குவதற்கு முன்னால், முப்பத்தாறு வியாழக்கிழமைகள்.

முப்பத்தாறு தரம் முப்பத்தெட்டு.

ஒரு வாரமும் தவறவில்லை.

மறுநாளே வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் எங்கே போகிறது என்று தெரியாமல் விற்றால் வாழ்நாள் முழுக்க வியாழக்கிழமை வந்தால் எனக்குத் தூக்கம் வராது. அடுத்த வியாழன் லீவு சொல்லிவிட்டு, மேங்கிடம் தோக்-சூவின் பழைய வீட்டுக்கு வழி கேட்டுப் போனேன். அந்த வாசலிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் போய்த் திரும்பினால் முப்பத்தெட்டு. ஊரை விட்டு வெளியே போகும் சாலை மூன்று. இரண்டு, வேறு ஊர்களுக்கு ஓடுகிற பெரிய சாலைகள். மூன்றாவது கணவாய் ஏறி மலைமேலேயே முடிந்துவிடும் சாலை. அதில் போனேன்.

மேலே ஏற ஏற மேகம் இறங்கி வந்து வழியை மூடியது. ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது. ஆனால் வளைவுகளில் எனக்கு முன்பே வண்டிக்குத் தெரிந்திருந்தது போலத் தோன்றியது. பத்தொன்பதாவது கிலோமீட்டரில் சாலை முடிந்தது. எதிரே மூன்று மாடி முதியோர் மருத்துவமனை.

வாசல் காவலாளி என் வண்டியைப் பார்த்ததும் தடுப்பைத் தூக்கிவிட்டுச் சிரித்தபடி குனிந்து வணங்கினார். கண்ணாடியை இறக்கினேன். அவர் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"நீங்க யாரும்மா?"

"இந்த வண்டியோட சொந்தக்காரி. இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கா இது?"

"என்ன கேள்வி இது? நான் ஏப்ரல்ல இங்க சேர்ந்ததுலேருந்து வாராவாரம் மூணு மணிக்கு வரும். அதோ அந்த மரத்தடியில பத்து நிமிஷம் நிக்கும். போயிடும். யாரும் இறங்க மாட்டாங்க."

"ஓட்டுறது யாரு?"

அவர் குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி படிஞ்சிருக்கும்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "ஆகஸ்ட் வெயில்லகூட."

அவர் கூப்பிட்டு, மூன்றாம் மாடியிலிருந்து ஓக்-சா என்ற பராமரிப்புப் பெண் இறங்கி வந்தாள். வண்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தோக்-சூ ஐயா மகன் அனுப்பின ஆளா நீங்க? மல்-சுன் அம்மா ஜன்னல்கிட்ட உக்காந்திருக்காங்க. வாங்க." படியேறும்போது என் காதருகே சொன்னாள்: "ஐயா போனது அவங்களுக்குத் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு மகனோட உத்தரவு. நீங்களும் வாயத் திறந்துடாதீங்க."

தோக்-சூவுக்கு மனைவி இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மல்-சுன் அம்மாவுக்கு எண்பதுக்கு அருகில் இருக்கும். சக்கர நாற்காலியில், கம்பளிக்குள் ஒரு பறவை மாதிரி. கண் மட்டும் கூர்மை. ஓக்-சா பார்லித் தேநீர் கொண்டுவரப் போனதும் கேட்டாள்:

"அவரு வண்டிய நீதான் வாங்கினியா?"

"ஆமாம்மா."

"நல்லா ஓடுதா?"

தலையாட்டினேன். நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தாள்.

"கல்யாண நாள் ஒரு வருஷம்கூட ஞாபகம் இருந்ததில்ல இந்த மனுஷனுக்கு. ஆயில் மாத்தின தேதி பாரு, அச்சடிச்ச மாதிரி!" அவள் சிரித்தபோது பல்செட் ஆடியது. "வைப்பர் ரப்பர்... அன்னைக்கு என்ன மழை தெரியுமா? பாதி வழியில வைப்பர் பிஞ்சுபோச்சு. ஜன்னலுக்கு வெளியே கைய நீட்டித் துடைச்சுக்கிட்டே வந்து சேர்ந்தாரு. ‘வராம இருந்தா என்ன’ன்னு திட்டினேன். கஞ்சிய எடுத்து ஊட்டிவிட்டுட்டுப் போனாரு."

மார்ச் பதின்மூன்றில் அவள் விரல் நின்றது. அதற்குக் கீழே என் கையெழுத்து. நான் தலை குனிந்தேன். இந்தப் பெண்ணிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"அம்மா, அவரு மார்ச்சுலயே..."

"தெரியும்."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நாலு வருஷத்துல ஒரு நாள்கூட வண்டிய விட்டு இறங்காமப் போனதில்ல அவரு. இதுக்கு அடுத்த வியாழக்கிழமை இறங்கல. அப்பவே தெரிஞ்சுபோச்சு." ஜன்னல் வழியே மரத்தடியைப் பார்த்தாள். "அவருக்குத்தான் யாரும் சொல்லல பாவம்."

நானும் எட்டிப் பார்த்தேன். கீழே வண்டி தனியாக நின்றது.

"என்னைக் கீழ கூட்டிட்டுப் போ" என்றாள். "நான் சொன்னாத்தான் கேப்பாரு."

ஓக்-சா முதலில் மறுத்தாள். டாக்டர் திட்டுவார் என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசியில் இரண்டு கம்பளி சுற்றி, நானும் அவளுமாகக் கீழே இறக்கி, மூன்று மணிக்குச் சரியாக முன்சீட்டில் உட்கார வைத்தோம். டிரைவர் சீட் காலி. இன்ஜினை நான் அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"கதவைச் சாத்து. நீங்க ரெண்டு பேரும் தள்ளிப் போங்க."

பனியில் பத்தடி தள்ளி நின்றோம். மல்-சுன் அம்மா காலி சீட்டின் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை. அவள் மூச்சு பட்டு அவள் பக்கத்துக் கண்ணாடியில் ஆவி படிந்தது.

அப்புறம் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியிலும் படிந்தது.

சிறிது சிறிதாக. விட்டு விட்டு. ஒருவர் மூச்சு விடும் வேகத்தில்.

ஓக்-சா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

கதவு திறந்தபோது அம்மாவின் முகம் ஈரமாக இருந்தது. என்னை அருகில் கூப்பிட்டாள்.

"சொல்லிட்டேன். குழந்தை மாதிரி அழுதாரு. ‘அப்ப நான் எங்க போறது’ன்னு கேக்குறாரு. வீட்டையும் வித்துட்டாங்க. எனக்குப் பதில் தெரியல." டிரைவர் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "நான் வர்ற வரைக்கும் வண்டியிலயே இருங்கன்னு சொல்லிட்டேன். உன்னைக் கேக்காம சொல்லிட்டேன். உனக்குப் பயமா இருக்கா?"

பயமாகத்தான் இருந்தது. வண்டியை மேங்கிடம் விட்டுவிட்டு ஓடிவிட வேண்டும் என்றிருந்தது. ஆனால் இரவும் பகலும் காலியாகக் கிடக்கும் என் வீடு ஞாபகம் வந்தது.

"இருக்கட்டும்மா" என்றேன்.

அதன்பின் மீட்டர் தானாக ஏறவில்லை. வியாழக்கிழமைகளில் நானே ஓட்டிக்கொண்டு போனேன். வேலையை மற்ற பெண்களோடு மாற்றிக்கொண்டேன். வறுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ காய்ந்த பெர்சிமன் பழமோ எடுத்துப் போவேன். நோட்டில் புதிதாக என்ன எழுதியிருக்கிறேன் என்று மல்-சுன் அம்மா வாங்கிப் படிப்பாள். "பிரேக் கட்டையை இன்னும் மாத்தலையா? அவரு பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு" என்பாள். போகிற வழியில் காலி வண்டிக்குள் நானும் பேச ஆரம்பித்தேன். சூப்பில் உப்பு கூடியது, மகள் போன் எடுக்காதது, எல்லாம். பதில் வராது. கற்பூர வாசனை மட்டும் கொஞ்சம் கூடும். நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

பிப்ரவரி கடைசியில் அம்மா போய்விட்டாள். மகனுக்கு விமானம் கிடைக்கவில்லையாம். அஸ்தி மாடத்தில் நானும் ஓக்-சாவும் மேங்கும் மட்டுமே நின்றோம். கணவரின் குடுவைக்குப் பக்கத்தில் அவள் குடுவையை வைத்து, சின்னக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்கள்.

மற்ற இருவரும் பஸ்ஸில் போனார்கள். நான் வெகுநேரம் வண்டிக்கு வெளியே நின்றேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தபோது கற்பூர வாசனை இல்லை. துடைத்து எடுத்தாற்போல இல்லை. அவர் வந்து கூட்டிப் போய்விட்டார் அல்லது அவள் வந்து கூட்டிப் போய்விட்டாள். நல்லதுதானே என்று சொல்லிக்கொண்டேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். எனக்காக அழுதேன், அவர்களுக்காக இல்லை.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கேட்டைத் தாண்டிச் சாலையில் ஏறினேன்.

டிங்.

டிங்.

டிங்.

முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. சீட்டைப் பார்த்தேன். என் கைப்பைகூட அங்கே இல்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தவில்லை. கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டேன்.

"பெல்ட் போட்டுக்கோங்கம்மா" என்றேன், மெதுவாக.

சரசரவென்று ஏதோ இழுபடும் சத்தம். அப்புறம் 'க்ளிக்'.

மணி நின்றது.