பாவுக்கு அந்தப் பக்கம்

ஆரணியில் அந்தப் பட்டு ஷெட்டுக்கு நான் வேலைக்குப் போன முதல் நாள், காலையிலிருந்தே மழை. ஏழு பவர்லூம் ஓடும் சத்தத்தில் மழை கேட்கவில்லை. ஈரச் சுவரும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை. எல்லாரும் வந்ததும் மேஸ்திரி ஜெயவேல் ஷட்டரை இறக்கிப் பூட்டினார். சாப்பாட்டு மணி வரை யாரும் வெளியே போகக் கூடாது.

எட்டுத் தறிகளில் மூன்றாம் தறி மட்டும் நின்றிருந்தது. அதில் பழைய பாவு, நீளவாக்கில் கட்டிய பட்டு இழைகள், கடைசி முழம் மட்டும் கிடந்தது. அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்.

"உன் பேரு காவ்யாவா? பேருல இருக்கிற ஸ்டைலு போதும். ஜல்தியா பிணை," என்றார் மேஸ்திரி.

அவர் நகர்ந்ததும் பக்கத்துத் தறி ராதிகா அக்கா என் காதருகே குனிந்தாள்.

"அது புஷ்பலதாவோட பாவு. போன வாரம் நெஞ்சு வலிக்குது, ஆஸ்பத்திரிக்கு உடுங்கன்னு கெஞ்சினா. நாடகம் ஆடுறான்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சாரு. பூட்டைத் தொறக்கல. தறி மேலயே சாஞ்சிட்டா."

பிடித்திருந்த இழையை விட்டுவிட்டேன்.

"செத்தவங்க பாவை அறுத்து ஆத்துல உட்டுடுவாங்க. யாரும் பிணைக்க மாட்டாங்க. சொன்னா, பட்டு வீணாப் போவுதாம் இவருக்கு."

"நீங்களும் சிரிச்சீங்களாக்கா?"

அவள் தன் தறிக்குத் திரும்பிக்கொண்டாள்.

பிணைப்பது இருவர் வேலை. பாவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுப்பார். எனக்கு ஆள் தரவில்லை. வரும்போதே இருந்த காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. ஆனால் வேலை வேகமாக நடந்தது. ஒவ்வொரு இழையும் தானாக என் விரலுக்கு வந்தது. ராதிகா அக்காதான் கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் என் முதுகுக்குப் பின்னால் இருமினாள்.

கரண்ட் போனது.

ஏழு தறியும் நின்றன. மழை கேட்டது. பாவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்குவதும் கேட்டது.

அடுத்த இழை வந்தது. கொடுத்த விரல் சில்லென்றிருந்தது.

எழுந்து மேஸ்திரியிடம் ஓடினேன். "காய்ச்சலா இருக்குதுங்க. தல சுத்துது. ஆஸ்பத்திரிக்குப் போவணும், தொறந்து உடுங்க."

"பாருங்கடி, அடுத்த நாடகம்," என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"பிணைக்கிறது இன்னா மலை ஏறுற வேலையா?" என்று என் இடத்தில் தானே போய் உட்கார்ந்தார். ஓர் இழையை முறுக்கினார். அடுத்தது. அடுத்தது.

அவர் முகம் வெளுத்தது.

"யாரு அந்தப் பக்கம்? போதும், நிறுத்து."

கை நிற்கவில்லை. எழப் பார்த்தார். முடியவில்லை.

"ராதிகா, சாவி ஜோப்புல கீது. எடும்மா."

ராதிகா அக்கா சாவியை எடுத்து ஷட்டரைத் திறந்தாள். எல்லாரும் மழைக்குள் ஓடினார்கள். அக்கா என்னை ஓர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது, இருட்டில் அவர் இன்னும் பிணைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் இரும்மா. இவங்க நெஞ்சு வலின்னு சொல்லிகினு இருக்காங்க. முதல்ல இவங்களை உள்ள அனுப்புறேன்."

நான் காலை மடக்கிக்கொண்டு வழி விட்டேன்.